பல்லும் குடலும் என்ன சொல்கின்றன?

(திருமுல்லைவாயில் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று விலைவாசியைப் பற்றிப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் போன வாரம் நம் தோழர் ஒருவர் வேறொரு விஷயத்தைக் கொண்டுவந்தார். அவர் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் மேசைகளில் பாதிக்கு “சைவம் மட்டும்” என்று காகிதம் ஒட்டிவிட்டார்கள். அவருடைய டிபன் கேரியரில் இருந்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மேற்பார்வையாளர் வந்து, “எழுந்து அந்தப் பக்கம் போய்யா” என்றார். அதோடு நிற்கவில்லை. “மனுஷன் இயற்கையிலேயே காய்கறி தின்னப் பிறந்தவன். இதையெல்லாம் தின்றால் புத்தி மழுங்கிப் போகும், விஞ்ஞானமே சொல்லுது” என்று ஒரு பிரசங்கமும் செய்தாராம். நம் தோழர் எழுந்து போய்விட்டார். பிறகு நம்மிடம் வந்து, “மேசை கிடக்கட்டும் தோழர். அவர் சொன்னது நிஜமா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் மேசைக்குச் சண்டை போடுவது சரியல்ல. ஆகவே இன்று அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் மாட்டைப் பாருங்கள். அது புல்லைத் தின்று பாலாகவும் சதையாகவும் மாற்றுகிறது. எப்படி முடிகிறது? அதன் இரைப்பையில் நாலு அறைகள். அங்கே கோடிக்கணக்கான நுண்கிருமிகள் புல்லின் நாரை நொதிக்க வைத்து உடைக்கின்றன. மாடு அசைபோட்டு அசைபோட்டு அந்த வேலைக்கு உதவுகிறது. நமக்கு இரைப்பை ஒரே அறை. நாலு கட்டுப் புல்லை நம் முன்னால் போட்டால் பட்டினியால்தான் சாவோம்.

அடுத்து பூனை. அதன் உடலுக்கு வேண்டிய சில சத்துக்களை அதனால் தானே செய்துகொள்ள முடியாது, மாமிசத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். வெறும் தயிர்ச்சோற்றில் வளர்த்தால் காலப்போக்கில் அதற்குக் கண் போகும், இருதயம் கெடும். நாம் பூனையும் அல்ல. மாதக்கணக்கில் இறைச்சியைக் கண்ணால் பார்க்காமலே வேலை செய்து, பிள்ளை பெற்று, பேரனையும் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். (அது அவர்கள் விரும்பி எடுத்த விரதம் அல்ல, கூலி அப்படி!)

நாம் இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். நமது 32 பற்களில் முன்பல் கடிக்க, கடைவாய்ப்பல் அரைக்க. கோரைப்பல் சிறுத்துப் போயிருக்கிறது. அது சிறியது என்பதைக் காட்டி ‘நாம் சைவப் பிராணி’ என்கிறார்கள். ஆனால் கையில் கத்தியும் அடுப்பில் நெருப்பும் வந்த பிறகு புலிப்பல் எதற்கு? மனிதக் குரங்குகளுக்குப் பெருங்குடல் பெரிது. இலையையும் நாரையும் ஊறப்போடும் இடம் அது. நமக்கோ சிறுகுடல்தான் பெரிய பங்கு, பெருங்குடல் சுருங்கிவிட்டது. சத்து செறிந்த உணவுக்கு, சமைத்த உணவுக்குப் பழகிய குடல் இது. அதே சமயம் சோற்றையும் கிழங்கையும் வாயிலேயே கரைக்கத் தொடங்கும் எச்சில் நமக்குச் சுரக்கிறது. அரிசிக்கும் உடம்பு தயார், மீனுக்கும் தயார். பன்றி, கரடி, எலி, காக்கை எல்லாம் இந்த விஷயத்தில் நமக்குப் பங்காளிகள். கௌரவமான கூட்டணி இல்லைதான், என்ன செய்வது!

குரங்குகள் பழம் மட்டுமே தின்னும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1960-ல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஜேன் குட்டால் என்ற பெண்மணி சிம்பன்ஸிகள் இறைச்சி தின்பதை நேரில் பார்த்து எழுதினார். எத்தியோப்பியாவில் சுமார் 25 லட்சம் வருஷங்களுக்கு முந்திய விலங்கு எலும்புகளில், கல்லால் வெட்டிய தடங்களைக் கண்டிருக்கிறார்கள். சதையை அறுத்ததும், உள்ளிருக்கும் கொழுப்புக்காக எலும்பை உடைத்ததும் அந்தத் தடங்களில் தெரிகிறது.

ஆப்பிரிக்கா எதற்கு? நம் திருவள்ளூர் பக்கம் வாருங்கள். பூண்டி ஏரிக்கு அருகே கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்ற இரு மண்ணியல் நிபுணர்கள் அங்கே ஆதி மனிதனின் கல்லாயுதங்களைக் கண்டார்கள். அதே வருஷம் பல்லாவரத்தில் ஃபூட் ஒரு கல்லாயுதம் எடுத்ததும் சரித்திரம். பிறகு சாந்தி பாப்பு என்ற ஆராய்ச்சியாளரும் அவரது சகாக்களும் அத்திரம்பாக்கத்தைப் பல வருஷம் தோண்டி, அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழையவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். கல்லாய் மாறிய விலங்குப் பற்களும் அங்கே கிடைத்தன. அந்தக் கோடரியால் கிழங்கும் தோண்டலாம், மரமும் சீவலாம், விலங்கின் தோலும் உரிக்கலாம். கிடைத்ததை எல்லாம் தின்று பிழைத்த உழைப்பாளியின் ஆயுதம் அது. பூண்டி அகழ்வைப்பகத்தில் இப்படிப்பட்ட கருவிகளை வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

எங்கெல்ஸ் 1876-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், குரங்கு மனிதனானதில் உழைப்பின் பங்கை விளக்கும்போது, இறைச்சியும் நெருப்பும் மனிதனை வளர்த்ததைச் சொல்லிப்போகிறார். சைவர்களுக்கு மரியாதை செலுத்திவிட்டே சொல்கிறார். நாமும் அப்படியே செய்வோம்.

ஏனென்றால் வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே எழுதினார். அதில் பல்லைப் பற்றியோ குடலைப் பற்றியோ வாதம் இல்லை. உயிரின் மேல் அருள் என்பதே அவர் வாதம். நம் ஊர்ச் சிவனைப் பாடிய வள்ளலாரும் அதே வழி. அவர் 1867-ல் வடலூரில் அடுப்பு மூட்டியது பசித்தவனுக்குச் சோறு போட; எவனையும் பந்தியிலிருந்து எழுப்ப அல்ல. மனம் இரங்கி ஒருவர் மாமிசத்தை விட்டால் அவரைக் கும்பிடலாம். பருப்பு, பால், கீரை ஒழுங்காகக் கிடைத்தால் அவர் ஆரோக்கியமாகவும் இருப்பார். பி-12 என்ற சத்து மட்டும் செடிகொடிகளில் இல்லை. பாலையும் விட்டவர்கள் அதை மருந்தாகவாவது சாப்பிட வேண்டும். ஆனால் அது அவர் தேர்ந்தெடுத்தது. அதை இயற்கையின் கட்டளை என்று நம் தலையில் வைப்பதுதான் புரட்டு. தமிழனின் பழைய வழக்கம் என்று சொல்வதும் நிற்காது. அந்தணராகிய கபிலரே சேர அரசனிடம், ஊன் சோறு தின்பதைத் தவிர வேறு வேலை அறியாததால் பாடுகிறவர்களின் கை மென்மையாக இருக்கிறது என்று புறநானூற்றில் சொல்கிறார்.

வயலில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. நாற்று நடும்போது வரப்பில் பறித்த கீரை மடியில் இருக்கும். நண்டு வளையில் கைவிட்டுப் பிடித்த நண்டு தூக்குவாளியில் இருக்கும். மழை விட்டால் நத்தை, மடை திறந்தால் குறவை, கெளுத்தி, அறுப்பு முடிந்தால் வயலெலி. இருளர் மக்கள் எலி வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும், அது சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். கூலி நெல் வயிற்றை நிரப்பியது. உடம்பைக் காத்தது இந்தக் கீரையும் நண்டும்தான். யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. பூச்சிமருந்து அடிக்க ஆரம்பித்த பின் நண்டும் நத்தையும் குறைந்துவிட்டன. அந்த இடத்தில் வந்தது என்ன? ரேஷன் அரிசியும் ரசமும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிறது. கீரையிலிருந்து அவ்வளவு எளிதாக எடுப்பதில்லை. 2014 அரசுக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படியென்றால் இரத்தம் ஏன் இல்லை? சாப்பிடுகிறவர் என்றால் தினம் சாப்பிடுகிறவர் என்று அர்த்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கோழி ஆறு பேருக்கு. அதிலும் துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும், குழம்பு அம்மாவுக்கு. இதில் முதலாளியை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. நம் வீட்டுப் பந்தியையும் பார்க்க வேண்டும்.

முட்டை விவகாரத்தையும் இதோடு பாருங்கள். நம் பள்ளிகளில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்த சத்துணவு முட்டை, 2010-ல் வாரம் ஐந்தாயிற்று. வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம். யார் மனமும் புண்படவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 2015-ல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் யோசனையை முதலமைச்சரே தடுத்தார். கர்நாடகத்தில் 2021-ல் முட்டை கொடுத்தபோது மடாதிபதிகள் சிலர் எதிர்த்தார்கள். மடத்தில் யாரும் அந்த முட்டையைச் சாப்பிடச் சொல்லவில்லை; ஏழைப் பிள்ளை சாப்பிடுவதே பொறுக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் 2018 டிசம்பரில் சைவருக்குத் தனி வாசல், கை கழுவத் தனி இடம் என்று உணவுக்கூடத்தில் காகிதம் ஒட்டினார்கள். மாணவர்கள் கேள்வி கேட்டதும் காகிதம் கிழிந்தது.

இங்கேயும் அதுதான் வேலை. கருவாட்டு வாசனை பிடிக்காத தோழர் நம் சங்கத்திலேயே இருக்கிறார். அவர் ஜன்னல் பக்கம் உட்காரட்டும், நாமே இடம் விடுவோம். அது சக தொழிலாளிக்குச் செய்யும் மரியாதை. மேற்பார்வையாளர் காகிதம் ஒட்டிப் பிரிப்பது வேறு விஷயம். நேற்று அந்தச் சைவத் தோழரே முதல் ஆளாக மகஜரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன் நிர்வாகத்திடம் கொடுக்கிறோம். காகிதம் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா இல்லாதவர்கள் நம்மிடம் வாங்கிக்கொள்ளலாம்.