கடல் மூடினால் கூலியும் மூடவேண்டுமா?

(நெடுந்தீவில் பார்சல் விநியோகத் தொழிலாளரும் படகுத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை குறிகாட்டுவான் துறையிலே படகுக்காகக் காத்திருந்தேன். என் அருகே ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதன் மேலே நெடுந்தீவு விலாசம். வெளிநாட்டிலிருக்கும் மகனொருவர் தம் தாயாருக்காகக் கொழும்புக் கடையொன்றில் பணங்கட்டி வாங்கிய இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அதனுள் இருப்பதாக, அதைக் கொண்டுவந்த தம்பி கூறினார். அப்பெட்டி கொழும்பிலிருந்து லொறியில் யாழ்ப்பாணம் வந்தது. அங்கே களஞ்சியத்தில் ஒருவர் பிரித்து வைத்தார். மோட்டார் சைக்கிளில் மற்றொருவர் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகத் துறைக்குக் கொண்டுவந்தார். படகிலே ஒருவர் ஏற்றினார். மாவிலித்துறையில் பெற்றுக்கொண்டவர் வேறொருவர். இத்தனை பேர் கைபட்டு அந்தத் தாயார் வீட்டு வாசலை அப்பெட்டி அடைகிறது. இவர்களுள் எத்தனை பேருக்கு வருகிற தை மாதத்திலே வேலை இருக்கும்? அந்தக் கேள்வியோடுதான் நான் படகேறினேன்.

நகரத்திலே பார்சல் தொழிலுக்கு ஒரு பருவம் உண்டு. தீபாவளி, நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என்று பண்டிகைகள் அடுத்தடுத்து வரும் காலத்தில் பொதிகள் மலைபோல் குவிகின்றன. ஐப்பசியில் ஆட்களைக் கூவி அழைக்கிறார்கள். பொங்கல் பானை இறங்கியதும் "இனி வரவேண்டாம்" என்கிறார்கள். நெடுந்தீவுக்கோ இதற்கு நேர்மாறான இன்னொரு பருவம் இருக்கிறது. நகரத்தில் வேலை பெருகும் அதே மாதங்களில்தான் இங்கே வாடை வீசுகிறது. கடல் கொந்தளிக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடுக்கிறது. படகு கட்டப்படுகிறது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி இந்நாட்டைத் தாக்கியதை யார் மறப்பார்? சூறாவளி வராத ஆண்டிலும் வாடை வராமல் இருப்பதில்லை. ஆகவே, கொழும்பில் உழைப்புக்குக் கிராக்கி இருக்கும்போது நெடுந்தீவுத் தொழிலாளி கரையில் நிற்கிறார். கடல் அடங்கி அவர் புறப்படும்போது நகரத்தில் கிராக்கி போய்விடுகிறது. இரு பருவங்களும் இடிக்கும் இடத்தில் அவர் அகப்பட்டுக் கொண்டார்.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலுக்குக் களம் இந்தத் தீவு. வாடையோடு வந்து தொழில் செய்யும் மீனவர்களின் கதை அது. அவர்களுக்கு வேலை கொணர்ந்த காற்று, இன்று இன்னொரு கூட்டத்தாரின் வேலையைக் கொண்டுபோகிறது.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் என் அலுவலகத்துக்கு வந்தார். இருபத்தாறு வயது. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்து, ஒரு கம்பனிக்காகப் பார்சல் விநியோகித்தவர். கம்பனியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. தை மாதத்தில் அவருடைய தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: நாளை முதல் பட்டியலில் உமது பெயர் இல்லை. அவ்வளவுதான். காரணமில்லை, கையொப்பமில்லை. "தம்பி, ஒப்பந்தத்தைக் கொண்டுவாரும்" என்றேன். கொண்டுவந்தார். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் அவர் ஊழியரல்லர், 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று எழுதியிருந்தது. "வாசித்தா கையொப்பமிட்டீர்?" என்று கேட்டேன். "ஐயா, வேலை தருகிறோம் என்றார்கள். அதற்கு மேலே என்ன வாசிப்பது?" என்றார். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கூறுகிறது. அத்திருத்தம் தனியார் கம்பனியின் காகிதத்தைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் தமிழ் இளைஞனின் வயிற்றுப்பாட்டைத் தீர்மானிக்கும் காகிதத்தைத் தமிழில் தரக்கூட மனமில்லாதவர்களைப் பற்றி என்ன சொல்வது? வேலை நின்றது. லீசிங் தவணை நின்றதா? அது மாதந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. காற்றுக்கு விடுமுறை உண்டு, வட்டிக்கு விடுமுறை இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளரின் வேலையை முடிவுறுத்துவது பற்றியது. தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ, தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ இல்லாமல், ஒழுக்கக் குற்றத்துக்காக அன்றி வேறு காரணத்துக்காக வேலை நீக்கக்கூடாது என்கிறது அது. இதில் பலர் கவனியாத ஒரு வாசகம் உண்டு. வேலை கொடாதிருத்தல் நிரந்தரமாயினும் தற்காலிகமாயினும் அது வேலை முடிவுறுத்தலே என்று அச்சட்டம் கொள்கிறது. "நீக்கவில்லை, பருவம் முடிந்ததால் நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்னும் சாட்டு அதன்முன் எடுபடாது.

ஆனால் அந்தச் சட்டத்தின் வேலியில் இரண்டு பொட்டுகள் இருக்கின்றன. பதினைந்து பேருக்குக் குறைந்த தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளியை அது தீண்டாது. 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவரை அது காக்காது. ஐப்பசியிலிருந்து தைவரை எத்தனை நாள்? எண்ணிப் பாருங்கள், 180 வராது. சிலர் தற்செயலாக அந்த எண்ணுக்குள் நிற்கிறார்கள், சிலர் கணக்குப் பார்த்து நிற்கிறார்கள் என்று நான் ஐயுறுகிறேன். பதினைந்து பேர் விடயத்திலோ ஒரு தந்திரம் நடக்கிறது. "தீவகத்தில் எமக்கு மூன்றே பேர்" என்கிறார்கள். சட்டம் கிளையை எண்ணச் சொல்லவில்லை. முதலாளியிடம் உள்ள தொழிலாளரையே எண்ணச் சொல்கிறது. நாடெங்கும் கிளை பரப்பிய கம்பனிக்குப் பதினைந்து பேர் இல்லையென்றால் யார் நம்புவார்?

ஊழியர் சேமலாப நிதிக்கு இந்தப் பொட்டுகள் கிடையா. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அது. ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும், அவர் தற்காலிகமானவராயினும், முதல் நாளிலிருந்தே முதலாளி நூற்றுக்கு 12 கட்டவேண்டும். தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 கட்டவேண்டும். இதிலிருந்து தப்பத்தான் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்ற பட்டம் சூட்டப்படுகிறது. எந்நேரத்தில் வரவேண்டும், எந்த வழியில் போகவேண்டும், எந்தச் சட்டை அணியவேண்டும், எவ்வளவு கூலி என்பவற்றை எல்லாம் கம்பனி தீர்மானிக்கிறது. அப்படியிருக்க அவர் எதில் சுயாதீனர்? நட்டப்படுவதில் மட்டும் சுயாதீனர்! 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உயர் நீதிமன்றம் ஊபர் வழக்கிலே, ஒப்பந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்பதைவிட நடைமுறையில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதையே பார்த்தது. சாரதிகள் தொழிலாளரே என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நமது மன்றுகளைக் கட்டாது. எனினும் எடுத்துக்காட்டி வாதிடலாம்.

சட்டம் எல்லாவற்றையும் தந்துவிடும் என்று சொல்லி உங்களை மயக்க நான் வரவில்லை. கனடாவிலே நம்முடைய பிள்ளைகள் பலர் இதே தொழிலைச் செய்கிறார்கள். அங்கே கியூபெக் மாகாணத்தில், லவாலில் உள்ள அமேசன் களஞ்சியத் தொழிலாளர் 2024 மே மாதத்தில் தொழிற்சங்க அங்கீகாரம் பெற்றனர். 2025 ஜனவரியில் அக்கம்பனி அம்மாகாணத்திலிருந்த தன் ஏழு நிலையங்களையும் மூடப்போவதாக அறிவித்தது. நிரந்தர ஊழியர் மட்டும் 1,700 பேருக்கு மேல் வேலை இழந்தனர். விநியோகம் பிற ஒப்பந்தக்காரர் கைக்குப் போயிற்று. தொழிற்சங்கம் காரணமல்ல என்று கம்பனி கூறியது. நம்புவோர் நம்பட்டும். செல்வமும் சட்டமும் நிறைந்த நாட்டிலேயே நிலை இதுவானால், குறிகாட்டுவான் பாலத்தில் தனித்தனியே நிற்கும் இளைஞர் எம்மாத்திரம்?

இங்கே வந்திருக்கும் கமக்காரப் பெரியவர் ஒருவர், கூட்டம் தொடங்குமுன் என்னிடம் கேட்டார்: "தம்பி, மழை பொய்த்தால் என் நிலமும் சும்மா கிடக்கிறது. நான் யாரிடம் கூலி கேட்கிறேன்?" நியாயமான கேள்வி. நானும் கமக்காரன் மகன்தான், ஆகவே அதைத் தட்டிவிட மாட்டேன். ஆனால், ஐயா, விளைந்தால் விளைச்சல் உங்களுடையது. பார்சல் கொண்டுபோகும் பிள்ளைக்குக் கம்பனியின் இலாபத்தில் பங்கில்லை, பருவத்தின் நட்டத்தில் மட்டுமே பங்குண்டு. மேலும், கமக்காரனின் பருவ நட்டத்தைப் பொது நட்டமாகக் கருதவேண்டும் என்பதை இந்நாடு என்றோ ஒப்புக்கொண்டுவிட்டது. 1961ஆம் ஆண்டின் பயிர்க் காப்புறுதிச் சட்டம் அதற்குச் சாட்சி. அது ஒழுங்காக வந்து சேர்கிறதா என்பது வேறு கதை. அந்த நியாயத்தைத்தான் இவர்களும் கேட்கிறார்கள்.

இது புதுமையான கோரிக்கையும் அன்று. துறைமுகத் தொழிலாளர் ஒரு காலத்தில் இப்படித்தான் காலையில் வாசலில் நின்று, கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி என்று வாழ்ந்தனர். பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி அவர்கள் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. வேலைக்கு வந்து நின்றும் வேலை கிடையாத நாளுக்கு ஒரு குறைந்த தொகை உறுதியாயிற்று. அத்திட்டம் 1989இல் நீக்கப்படும்வரை நின்றது. இந்தியாவும் 1948இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் அதன் கீழ்ச் சபைகள் அமைந்தன. கப்பல் எப்போது வரும் என்பதை அறியமுடியாத இடத்திலேயே இது இயன்றதென்றால், வாடை எந்த மாதம் வரும் என்பதைக் குழந்தையும் அறிந்த நெடுந்தீவில் ஏன் இயலாது?

என் யோசனை இதுவே. குறிகாட்டுவானிலும் மாவிலித்துறையிலும் பொதி ஏற்றி இறக்குவோர், கொண்டுசெல்வோர் அனைவர் பெயரும் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். கடல் மூடிய நாளுக்குக் காத்திருப்புக் கூலி என்று ஒரு தொகையைக் கம்பனிகளோடு பேசி முடிவுசெய்வோம். தீவகத்துக்கு வரும் ஒவ்வொரு பொதியின் கட்டணத்திலிருந்தும் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கலாம். அப்படிச் செய்யும் உடன்படிக்கையை 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி கூட்டு உடன்படிக்கையாகப் பதிவுசெய்து வர்த்தமானியில் வெளியிட்டால், அது வெறும் வாக்குறுதியாக இராது, ஒவ்வொருவருடைய வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும்.

அதுவரை சில காரியங்களை நீங்களே செய்யலாம். எத்தனை பொதி, எந்த நாள், யார் தந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொலைபேசியில் வரும் கட்டளைகளை அழிக்காதீர்கள், நாளை அவைதாம் சாட்சி. "சம்மதக் கடிதம்" என்று நீட்டினால் வாசிக்காமல் கையொப்பம் இடாதீர்கள். ஏனெனில், மேலே சொன்னேனே, சட்டம் கேட்கும் எழுத்துமூலச் சம்மதம் அதுவாகவே ஆகிவிடும். வேலை நீக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொங்கலுக்கு நீக்கப்பட்டவர் ஆடிக்குப் பின் என்னிடம் வந்தால் நான் கையை விரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருவருக்கு அப்படி விரித்திருக்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

சங்கம் அமைக்கலாமா, ஒப்பந்தக்காரர் என்கிறார்களே என்று சிலர் தயங்குகிறார்கள். தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் ஒவ்வொரு பிரசைக்கும் உள்ள உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் எழுதப்பட்டிருக்கிறது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவுக்கு ஏழு பேருடைய கையொப்பம் போதும். விண்ணப்பப் படிவத்தைத் தமிழிலேயே நிரப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். சங்கத்தின் பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது, அது உங்கள் உரிமை. மாலைப் படகு புறப்பட இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. மேசை அந்த வேம்பின் கீழே போடப்பட்டிருக்கிறது, பேனாவும் அங்கே இருக்கிறது.