தாயின் கையெழுத்தே போதும்

தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் நின்று பிள்ளைகளை ஆளாக்கும் வீடே ஒற்றைப் பெற்றோர் குடும்பம். துணையின் மரணம், மணமுறிவு, கைவிடப்படுதல், மணமாகாத தாய்மை, தனியாகத் தத்தெடுத்தல் என அது அமையும் வழிகள் பல.

அந்த வீடுகளின் பலம் அன்றாட வாழ்வில் தெரியும். விடியுமுன் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும் தாய் சோறு வடித்து வைத்துவிட்டுப் போகிறாள். தம்பிக்குத் தலைவாரி, டிபன் டப்பாவில் சோறு போட்டு, பள்ளிக்குக் கூட்டிப் போகிறாள் மூத்தவள். மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். கஷ்டத்தை ஒளிக்காத வீட்டில் பிள்ளைகளுக்குப் பொறுப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. வயதுக்கு மீறிய சுமையும் கூடவே வருகிறது. அதைத் தியாகம் என்று புகழ்ந்து கடந்துபோவது நியாயமில்லை. பாட்டியும் தாய்மாமனும் அண்டை வீட்டாரும் கைகொடுத்தால் அந்தச் சுமை குறையும். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், சொத்து அடமானமில்லாமல் குழுவின் நாணயத்தை நம்பியே பெண்கள் கடன் பெற வழி திறந்தன. தனியாகக் குடும்பம் நடத்துபவளுக்கு அது பெரிய ஆதரவு.

சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டதால், எழுத்தாளர் கீதா ஹரிஹரன் நீதிமன்றம் சென்றார். தந்தை உயிரோடு இருந்தாலும், அவர் பிள்ளையின் பொறுப்பில் இல்லாதபோது தாயே இயற்கைக் காப்பாளராகலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மணமாகாத தாய், தந்தையின் பெயரை வெளியிடாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் காப்பாளர் உரிமை கோரலாம் என்ற தீர்ப்பு 2015-ல் வந்தது. 2016 இறுதியில் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயரே போதும் என்றானது.

தனித்து வளர்க்கும் தந்தையரும் உண்டு. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு இருந்த 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு, 2018-ல் அப்படித் தனித்து வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. சமைக்கவும் சடை பின்னவும் கற்றுக்கொள்ளும் அப்பாவை ஊர் பரிதாபமாகப் பார்ப்பது இன்னும் மாறவில்லை.

தீர்ப்புகள் வந்தும் பள்ளிச் சேர்க்கையில் "அப்பா எங்கே?" என்ற கேள்வி பிள்ளையின் எதிரிலேயே கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியை ஆசிரியர்களும் அலுவலர்களும் இன்றோடு விட்டுவிட வேண்டும். முன்னால் நிற்கும் தாயிடம் கையெழுத்து வாங்கிப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்ப வேண்டும்.