நாய் ஏன் பாதத்தை நக்குகிறது?

மாணவர்களே, மழை ஓய்ந்து பனி இறங்கும் நாட்களில் உங்கள் வகுப்பில் சிலர் அடுக்குத் தும்மல் போடுவதைக் கேட்டிருப்பீர்கள். காற்றில் மிதந்து வரும் மகரந்தத் தூளைப் பகையெனக் கருதி உடல் போர் தொடுப்பதன் விளைவு அது. உடலின் இத்தகைய மாறுபட்ட எதிர்ச்செயலுக்கு 1906-ஆம் ஆண்டில் ‘அலர்ஜி’ என்று பெயரிட்டவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் பிர்க்கே. தமிழில் ஒவ்வாமை என்கிறோம்.

இது மனிதருக்கு மட்டும் உரியதன்று. பருவந்தோறும் இவ்வாறு துன்புற்ற நாய் ஒன்றைப் பற்றி 1941-இலேயே விட்டிச் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறார். ஆயினும், நமக்கு மூக்கில் தோன்றுவது நாய்க்குப் பெரும்பாலும் தோலில் தோன்றுகிறது. அது பாதங்களை ஓயாது நக்கும், முகத்தைப் பாயில் தேய்க்கும், காதைப் பிறாண்டும். பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் மூன்று வயதிற்கும் இடையே இந்நோய் தலைகாட்டும். வீட்டார் கெட்ட பழக்கம் என்று எண்ணி அதட்டுவர். அதட்டினால் அரிப்பு நிற்குமா?

நக்க நக்க ஈரம் தங்கும், ஈரத்தில் கிருமி பெருகும், மயிர் உதிரும், நாற்றம் எழும். அதன்பின் நம் ஊரில் அதற்குக் கிடைக்கும் பட்டம் ‘சொறிநாய்’ என்பதே. தெருவில் அலையும் நாய்கள் சிலவற்றின் கழுத்தில் பழைய வார் கிடப்பதை நான் கண்டதுண்டு.

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய நாய்க்கும் இந்நிலை வந்தது. ஊருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று பெரியவர்கள் தீர்மானித்தனர். “ஐயா, நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்” என்று அவன் வந்து நின்றான். “அரிப்பு எந்நாளில் மிகுகிறது?” என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவன் தந்தையாரிடம் பேசி ஒரு மாதத் தவணை பெற்றேன். நாய் சென்ற இடம், தின்ற உணவு, அரிப்பின் அளவு ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவரச் சொன்னேன். ஏரிக்கரையில் புல் பூத்திருந்த இடத்தில் ஓடிய நாட்களில் மாலையில் அரிப்பு மிகுந்திருந்தது. வீட்டிலிருந்த நாட்களில் தணிந்திருந்தது. பிள்ளையாருக்குச் சூட்டும் அருகம்புல்லின் மகரந்தமும் ஒவ்வாமை தரக்கூடியதே. அக்குறிப்பேட்டைக் கால்நடை மருத்துவர் முழுதும் படித்துப் பார்த்து, தோலையும் சோதித்து, மருந்து தந்தார். நாய் வீட்டிலேயே இருக்கிறது. நான் திருத்திய கட்டுரைகள் பலவற்றினும் அந்தக் குறிப்பேடு மேலானது. எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன என்பது வேறு செய்தி.

அரிப்பெல்லாம் மகரந்தத்தால் வருவதன்று. தெள்ளுப்பூச்சியின் கடியும் காரணமாகலாம். நாயின் முதுகை நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை நனைத்த வெள்ளைத்தாளில் இடுங்கள். துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். நாயின் இரத்தமே அந்நிறம். சொறிக்குக் காரணமான நுண்பூச்சியைக் கண்டறிய மருத்துவரின் நுண்ணோக்கி வேண்டும்.

உலாவி வந்ததும் ஈரத்துணியால் பாதங்களையும் வயிற்றையும் துடைத்து, விரலிடுக்குகளை உலர்த்துங்கள். மகரந்தம் தோலில் தங்கும் நேரம் குறையும். நாய்க்குரிய சோப்பைக்கொண்டு குளிப்பாட்டலாம்; நம்முடைய சோப்பு அதன் தோலுக்கு ஏற்றதன்று. மண்ணெண்ணெயும் பழைய என்ஜின் எண்ணெயும் பூசுவோர் இன்றும் உளர். கொடுமை அது! தோலும் வேகும், நக்கினால் நஞ்சும் உள்ளே போகும்.

பூனை வளர்ப்போருக்கு இன்னும் விழிப்பு வேண்டும். பூனை நக்குவது இயல்பாதலால் நோய் எளிதில் புலப்படாது. அடிவயிற்றில் மயிர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குத் தடவலாகாது, அது நஞ்சு. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் போக்கவல்லது.

இந்த ஒவ்வாமை அடியோடு நீங்குவது அரிது, அடக்கி வைக்கலாம். அரிப்பைத் தணிக்கும் மருந்துகள் இன்று பல உள்ளன. ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாக ஏற்றி உடலைப் பழக்கும் முறையும் உண்டு. எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சென்ற ஆண்டில் எந்த வாரத்தில் அரிப்புத் தொடங்கியது என்று குறித்து வைத்திருப்பவர், இவ்வாண்டில் அதற்கு முந்தைய வாரமே அவரிடம் செல்லலாம்.