விளையாட்டு தடுமாறினால் புதுக் கைப்பேசியா?



வேலை முடிந்து வீடு திரும்பும் பெற்றோரிடம் பிள்ளைகள் இப்போது புதிய முறையீடு ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். "அப்பா, லைன் இழுக்குது, விளையாட முடியல. வேற போன் வாங்கிக் கொடுங்க" என்பதே அது. சிலர் பிள்ளையைக் கண்டிக்கிறார்கள். சிலர் தவணைக்குப் புதுக் கைப்பேசி எடுக்கிறார்கள். இரண்டுமே அவசரம். கோளாறு எங்கே என்று கண்டறிந்த பிறகே சம்பளப் பணத்தில் கை வைக்க வேண்டும்.

மொபைல் லெஜன்ட்ஸ் போன்ற ஆட்டத்தில் பத்துப் பேர் ஆளுக்கோர் ஊரில் இருந்துகொண்டு ஒரே களத்தில் மோதுகிறார்கள். பிள்ளை திரையைத் தொட்டதும் அந்தச் செய்தி தொலைவிலுள்ள சர்வர் என்னும் கணினிக்குப் போய், பதில் திரும்பி வரவேண்டும். போய்வர ஆகும் நேரத்துக்குத்தான் பிங் என்று பெயர். 1983-ஆம் ஆண்டில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதை அளக்கும் நிரலை எழுதினார். நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார்.

பிங்கை மில்லிவினாடியில் கணக்கிடுவார்கள். ஆயிரம் மில்லிவினாடி சேர்ந்தால் ஒரு வினாடி. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஆட்டம் நன்றாக ஓடும். நூற்றைம்பதைத் தாண்டினால் தடுமாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

வேகம் வேறு, பிங் வேறு. பெரிய தொட்டி வைத்த பால் லாரி அதிகப் பால் ஏற்றும். ஆனால் அதனால் தொழிற்சாலைக்குப் போகும் பாதை குறுகிவிடுமா? விளையாட்டுக்கு ஏற்றவேண்டிய சுமை மிகக் குறைவு. ஆகவே விலை கூடிய திட்டத்துக்கு மாறினால் மட்டும் பிங் குறைந்துவிடாது.

தூரத்துக்கும் கணக்கு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆயிரம் கிலோமீட்டர் தூரம் போய்வர 10 மில்லிவினாடி பிடிக்கும். சிங்கப்பூர் நமக்குப் பக்கம். அமெரிக்காவின் மேற்குக் கரையோ ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்வர 140 மில்லிவினாடிக்குக் குறையாது. எனவே ஆட்டத்தில் சர்வரைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால், அருகிலுள்ளதையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இனி, கோளாறை வரிசையாகத் தேடுவோம்.

முதலில், ஆடும்போது திரையில் தெரியும் பிங் எண்ணைப் பாருங்கள். எண் குறைவாக இருந்தும் படம் விட்டுவிட்டு ஓடினால், குறை லைனில் இல்லை, கைப்பேசியில். சூடேறியிருக்கலாம், சேமிப்பிடம் நிறைந்திருக்கலாம். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

இரண்டாவது, வீட்டில் வைஃபை இருந்தால், ரூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஆடச் சொல்லுங்கள். பிங் குறைந்தால் சுவரும் தூரமும்தான் காரணம். பெட்டியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவே உயரமாக வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் அருகில் மட்டும் நன்றாக இருக்கும். மேசைக் கணினி என்றால் கம்பி இணைப்பே சிறந்தது.

மூன்றாவது, அதே நேரத்தில் வீட்டில் வேறு யார் இணையத்தில் இருக்கிறார்கள்? ஒருவர் படம் பார்ப்பார். இன்னொருவரின் கைப்பேசி தானாகவே நிழற்படங்களை மேலேற்றிக்கொண்டிருக்கும். பால் நிறுக்கும் இடத்தில் ஒருவர் பத்து வாளியோடு முன்னால் நின்றால், ஒரு வாளிக்காரரும் காத்திருக்கத்தானே வேண்டும்? அவற்றை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

நான்காவது, கைப்பேசி லைனிலேயே ஆடுபவர்களுக்கு. தகரக் கூரையும் குன்றும் அடர்ந்த செம்பனையும் அலையைத் தடுக்கும். சன்னலோரம் போய்ப் பாருங்கள். விடியற்காலையில் நன்றாகவும் இரவு ஒன்பது மணிக்கு மோசமாகவும் இருந்தால், கோபுரத்தில் நெரிசல் என்று பொருள். புதுக் கைப்பேசி வாங்கினாலும் அந்த நெரிசல் தீராது. வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அண்டை வீட்டாரைக் கேட்டு, அதே இடத்தில், அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.

பிங்கைக் குறைப்பதாக விளம்பரம் செய்யும் செயலிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். எந்தச் செயலியாலும் தூரத்தைச் சுருக்க முடியாது. கோபுர நெரிசலையும் கலைக்க முடியாது.

எல்லாம் செய்தும் பயனில்லையென்றால், மூன்று நாள் தேதி, நேரம், பிங் எண் ஆகியவற்றைக் குறித்துவைத்துச் சேவை நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். லயத்து வீட்டார் பலர் சேர்ந்து எழுதினால் குரல் வலுக்கும்.

விளையாட்டுக்கு இத்தனை பாடா என்று நினைக்காதீர்கள். 2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டு இணையத்தில் பாடம் நடந்தபோது, லைன் கிடைக்காத பிள்ளைகள் பாடத்தையே இழந்தார்கள். விளையாட்டில் தடுமாறும் அதே லைன்தான் நாளை பாடத்துக்கும், வெளியூர் மகனின் முகம் பார்த்துப் பேசுவதற்கும் வேண்டும். பிள்ளையை அருகில் உட்காரவைத்து, இருவரும் சேர்ந்து தேடுங்கள். காரணம் கண்டு காரியம் செய்யும் பழக்கம் பிள்ளைக்கும் வரும். உங்கள் பணமும் மிஞ்சும்.