ஏறிய நிலவிலையில் ஊருக்கும் பங்கு உண்டு



ஒரு நகரம் வளர்கிறது என்றால் சாலை, வடிகால், தண்ணீர், பள்ளி எல்லாம் பெருக வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது? மேம்பாட்டாளர்களிடம் வாங்கும் கட்டணத்தை உயர்த்துங்கள் என்கிறது ஒரு தரப்பு. உயர்த்தினால் வீட்டு விலைதான் ஏறும் என்கிறது மறுதரப்பு. உயர்த்த வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் எதன்மீது, எப்போது, எந்தக் கணக்கில் என்று சொல்லிவிட்டு உயர்த்த வேண்டும்.

ஜொகூர் பாரு வட்டாரத்தின் தெப்ராவ், மவுண்ட் ஆஸ்டின், ரினி ஆகியவற்றை நம் தாத்தா பாட்டிமார் தோட்டப் பெயர்களாகத்தான் அறிந்திருந்தார்கள். இன்று அவை தாமான்கள் என்னும் குடியிருப்புகள், கடைவீதிகள். மரங்கள் நின்ற காலத்தில் மழைநீரில் பெரும்பகுதியை மண்ணே உறிஞ்சிக்கொண்டது. கூரையும் தாரும் வந்த பிறகு அதே மழை சில நிமிடங்களில் வடிகாலுக்கு வந்துவிடுகிறது. மேட்டில் புதிய வீடமைப்பு எழுகிறது. பள்ளத்தில் பழைய வடிகாலின் அகலம் அப்படியே இருக்கிறது. அடைமழை பெய்தால் தண்ணீர் புகுவது பள்ளத்து மலிவு விலை வீடுகளில். நாற்காலியை மேசைமேல் ஏற்றிவைத்து, பிள்ளைகளின் பள்ளிப் பைகளைக் கட்டிலில் அடுக்கும் அந்த வீடுகளில் தோட்டத்தைவிட்டு வந்த நம் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. வளர்ச்சியின் லாபம் ஓரிடத்தில் சேர, அதன் செலவை வேறிடத்தார் சுமக்கிறார்கள்.

சட்டம் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 32ஆம் பிரிவு மேம்பாட்டுக் கட்டணத்துக்கு வழிசெய்கிறது. உள்ளூர்த் திட்டம் ஒரு நிலத்தின் பயன்பாட்டையோ அடர்த்தியையோ தளப்பரப்பையோ மாற்றி, அதனால் மதிப்பு உயர்ந்தால், அங்கே நடக்கும் மேம்பாட்டுக்குக் கட்டணம் உண்டு. விகிதத்தை வகுப்பதும் விலக்கு அளிப்பதும் மாநில அரசின் அதிகாரம்.

மேம்பாட்டாளர்களின் குறையிலும் நியாயம் இருக்கிறது. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்குப் பிரீமியம், வடிகால் பங்களிப்பு, கழிவுநீர்ப் பங்களிப்பு என்று பல வாசல்களில் அவர்கள் பணம் கட்டுகிறார்கள். பிரீமியம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. சாலைக்கும் வடிகாலுக்கும் மக்களிடம் பதில் சொல்ல வேண்டியதோ மாநகர் மன்றம். அதன் நிரந்தர வருமானம் மதிப்பீட்டு வரி. குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் சாலைக்குழி அடைக்கவும் உள்ள பணம் அது. அதை உயர்த்திப் புது நகரம் கட்டினால், முப்பது ஆண்டாக வரி கட்டிய ஓய்வூதியர் புதிய அடுக்குமாடிக்கும் சேர்த்துக் கட்டுகிறார் என்று பொருள்.

வேறு பணம் எங்கே? ஏறும் நிலவிலையில் இருக்கிறது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரையிலான ஆர்டிஎஸ் ரயில் பாதை 4 கிலோமீட்டர். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரைக் கொண்டுசெல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. இத்தகைய திட்டங்களால் நிலவிலை ஏறும்போது, நிலக்காரர் ஒரு செங்கல்கூட வைத்திருக்க மாட்டார். ஏற்றிவிட்டது பொதுப்பணமும் அரசின் முடிவும். அந்த ஏற்றத்தில் ஊருக்குப் பங்கு கேட்பது உரிமை.

அப்படியானால் அந்தக் கட்டணம் வீடு வாங்குபவர் தலையில் விழாதா? எப்போது விதிக்கிறோம் என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. 10 லட்சம் ரிங்கிட் பெறும் தோட்ட நிலம், அனுமதிக்குப் பின் 30 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தில் 30 விழுக்காடு, அதாவது 6 லட்சம், கட்டணம் என்று முன்கூட்டியே தெரிந்தால், மேம்பாட்டாளர் நிலக்காரரிடமே அதைக் குறைத்துப் பேசுவார். நிலம் கைமாறிய பின் திடீரென விதித்தால், அவர் முதலில் வீட்டு விலையில்தான் கைவைப்பார்.

வேறு நாடுகளின் அனுபவத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் 2007இல் தன் மேம்பாட்டுக் கட்டண விகிதத்தை மதிப்பு உயர்வில் 50 விழுக்காட்டிலிருந்து 70 ஆக்கியது. வட்டாரவாரியான விகிதங்களை ஆண்டுக்கு இருமுறை வெளியிட்டதால், யாரும் கணக்குப் போட்டுக்கொள்ள முடிந்தது. பிரிட்டன் 1947இல் உயர்வு முழுவதையும், 100 விழுக்காட்டையும், எடுத்துக்கொண்டது. நிலக்காரர்கள் விற்காமல் காத்திருந்தார்கள். 1953இல் அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. கலிபோர்னியாவில் தம் நிலத்தில் ஒரு சிறு வீடு வைக்க 23,420 டாலர் சாலைக் கட்டணம் கேட்கப்பட்டவரின் வழக்கில், 2024 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. சட்டமன்றமே விதித்த கட்டணமானாலும், அந்தக் கட்டடத்தின் தாக்கத்தோடு அதற்குத் தொடர்பும் பொருத்தமும் உண்டா என்று சோதிக்கப்பட வேண்டும்.

ஆகவே ஜொகூருக்கு என் கோரிக்கை இது. விகிதத்தை உயர்த்துங்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்துப் படிப்படியாக உயர்த்துங்கள். மலிவு விலை வீட்டுக்கும் பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் விலக்குத் தாருங்கள். மற்ற எந்த விலக்கானாலும் காரணத்தோடு வெளியிடுங்கள். எந்த வட்டாரத்தில் வாங்கிய பணமோ அந்த வட்டாரத்தின் வடிகாலுக்கும் சாலைக்கும் தனிக் கணக்கில் வைத்து, ஆண்டுதோறும் வரவு செலவைக் காட்டுங்கள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்ட நாடு இது. மன்ற உறுப்பினரை வாக்கால் மாற்ற முடியாத மக்களுக்குக் கணக்கு கேட்கும் உரிமையாவது வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வரும்; ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் கிடைக்கும். கோயில் நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் அந்த வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும். நம் தாமானுக்கு மேலே எந்த நிலத்தின் பயன்பாட்டு நிறம் மாறுகிறது, அதன் மழைநீர் எந்த வடிகாலில் இறங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். கேள்வி கேட்கும் நால்வர் ஒவ்வொரு தாமானிலும் இருக்கட்டும்.