புழு சாகவில்லை, நாம்தான் சாகிறோம்!
(பருத்தி விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



ஒரு தடவை அடித்தால் செத்த காய்ப்புழு, இன்றைக்கு மூணு தடவை அடித்தும் சாக மாட்டேங்குது. மருந்துக்கடையில் கேட்டால், "டோஸைக் கூட்டுங்க, ரெண்டைக் கலந்து அடிங்க" என்கிறார்கள். காசுதான் போகிறது, புழு போகவில்லை.

போலி மருந்து ஒரு காரணம். ஆனால் அசல் மருந்துக்கும் புழு தப்பிக்கிறதே, ஏன்? ஆயிரக்கணக்கான புழுவில் ஒன்றிரண்டு பிறவியிலேயே மருந்தைத் தாங்கும். மற்றது சாகும், அது பிழைத்துக் குஞ்சு பொரிக்கும். அதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கடைசியில் தாங்குகிற கூட்டம்தான் காட்டில் மிஞ்சும்.

மருந்தை மாற்றித்தானே அடிக்கிறோம் என்பீர்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பென்வலரேட் மூன்றும் ஒரே குடும்பம். இமிடாகுளோபிரிட், தயோமீத்தாக்சம், அசிட்டமிப்ரிட் மூன்றும் இன்னொரு குடும்பம். டப்பாவும் விலையும்தான் மாறுகிறது, விஷம் வேலை செய்கிற விதம் மாறவில்லை. இதை நமக்கு யார் சொன்னார்கள்?

1987-ல் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் காய்ப்புழு இப்படித்தான் மருந்தை மீறியது. விளைச்சல் போய், கடனில் சிக்கிய விவசாயிகள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பி.டி. பருத்தி வந்தால் மருந்தே வேண்டாம் என்றார்கள். 2009-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ரக பி.டி.யைத் தின்றே பிழைத்தது. பிறகு இரண்டு மரபணு வைத்த விதையையும் அது வென்றது. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20 பேருக்கு மேல் விஷம் ஏறி இறந்தார்கள்.

வழி இல்லாமல் இல்லை. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் பல மாநிலங்களில் ஊர் ஊராகப் போய், எந்த நேரத்தில் எந்த மருந்து என்று சொல்லிக் கொடுத்தது. தெளிப்பும் குறைந்தது, செலவும் குறைந்தது.

ஆனால் அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஒருத்தர் மட்டும் செய்தால் பலனில்லை. ஊரே சேர்ந்து செய்ய வேண்டும்:

- ஏக்கருக்கு 2 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பொறிக்கு இரவில் 8 அந்துப்பூச்சி வீதம் 3 இரவு தொடர்ந்து விழுந்தால்தான் இளஞ்சிவப்புப் புழுவுக்கு மருந்து.
- விதையில் இமிடாகுளோபிரிட் பூசியிருந்தால், தத்துப்பூச்சிக்கு அதே குடும்ப மருந்தை உடனே அடிக்காதீர்கள்.
- ஒரு குடும்ப மருந்தை அடுத்தடுத்து அடிக்காதீர்கள்.
- பருவம் முடிந்ததும் மறுதாம்பு விடாமல், ஊர் முழுக்க ஒரே சமயத்தில் பருத்திக் கட்டையைப் பிடுங்கி அழியுங்கள்.

அரசிடம் கேட்கிறோம்:

1. ஒவ்வொரு மருந்து டப்பாவிலும் குடும்ப எண்ணைப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடு!
2. விதைப்புக்கு முன் ஊர்தோறும் வேளாண் அதிகாரியும் விஞ்ஞானியும் வந்து கூட்டம் நடத்து!
3. நம்ம காட்டுப் புழுவை எடுத்துச் சோதித்து, எந்த மருந்து வேலை செய்யாது என்று ஊராட்சிப் பலகையில் எழுது!
4. பில் தராத கடை மீது நடவடிக்கை எடு!

அறிவு நமது உரிமை, பிச்சை அல்ல. வேளாண் அலுவலகத்தின் முன் திரண்டு நின்று கேட்போம், வாரீர்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!