பஞ்சத்திற்கு முன்பே களஞ்சியம்

 

செழிப்பும் நெருக்கடியும் மாறி மாறி வருவது பொருளாதாரத்தின் இயல்பு. அதை எதிர்கொள்ளத் தனிமனிதரின் சிக்கனம் மட்டும் போதுமா?

நெருக்கடி வந்ததும் ஒவ்வொரு குடும்பமும் கையைச் சுருக்கிக்கொள்கிறது. அதில் குற்றமில்லை. ஆனால் ஊரே ஒரே நேரத்தில் சுருக்கிக்கொண்டால் தையல்காரருக்கு வேலையில்லை. அவர் வாங்காததால் மளிகைக்காரருக்கு வியாபாரமில்லை. அச்சம் அச்சத்தை வளர்க்கிறது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க மக்கள் வங்கி மூழ்கிவிடும் என்று அஞ்சி, முண்டியடித்துப் பணத்தை எடுத்தார்கள். நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் வீழ்ந்தன. 1933-ல் வைப்புத்தொகைக்குக் காப்புறுதி தரும் அரசு அமைப்பு உருவானது. 1934-ல் காப்புறுதி பெற்ற வங்கிகளில் வீழ்ந்தவை ஒன்பதுதான். பலவீனமான வங்கிகள் முன்பே மூடப்பட்டிருந்ததும் ஒரு காரணம். (வட்டியில் நிற்கும் அம்முறையை நான் இங்கே புகழவில்லை.)

நபி யூசுஃப் (அலை) அவர்கள், வரவிருக்கும் பஞ்சத்திற்காகத் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. களஞ்சியப் பொறுப்பையே கேட்டுப் பெற்றார்கள்.

ஹிஜ்ரி 18-ல் மதீனாவைச் சுற்றி மழை பொய்த்தது. சாம்பல் போல் மண் பறந்ததால் அது 'சாம்பல் ஆண்டு' எனப்பட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அப்போது நெய்யையும் இறைச்சியையும் தவிர்த்ததை மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். அவர்களின் நிர்வாகத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. சிரியாவிலிருந்து உணவுச் சுமைகளை வரவழைத்தார்கள். மதீனாவில் தஞ்சம் புகுந்த பாலைவனவாசிகளுக்குப் பொதுவில் சமைத்து உணவளித்தார்கள். அவ்வாண்டு கால்நடைகளின் ஸகாத்தை வசூலிக்க ஆளனுப்பவில்லை. மழை பெய்து மந்தைகள் தேறிய மறு ஆண்டில் ஈராண்டுக்குரியதையும் வசூலித்து, ஓராண்டுப் பங்கை அந்தந்தப் பகுதி ஏழைகளுக்கே பங்கிடச் செய்தார்கள் என வரலாற்று நூல்கள் அறிவிக்கின்றன. வறட்சியில் விட்டுப்பிடித்துச் செழிப்பில் பெற்றுக்கொள்ளும் இந்த வழியை இன்றைய பொருளாதார அறிஞர்களும் பேசுகிறார்கள். பஞ்சம் நீங்கியதும் வந்தவர்களுக்கு வழியுணவும் வாகனமும் கொடுத்தே ஊருக்கு அனுப்பினார்கள்.

நம் மஹல்லா பைத்துல்மால்களை நினைத்துப் பாருங்கள். ரமளானில் நிரம்பிப் பெருநாளுக்குள் காலியாகிவிடுகின்றன. ஸகாத்தைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. அதை உரியவர்களிடம் தாமதமின்றிச் சேர்க்க வேண்டும். ஆனால் ஸதக்காவில் ஒரு பகுதியை, கொடுப்பவரின் சம்மதத்தோடு, இடர்க்கால நிதியாக ஒதுக்கலாமே! 2020 ஊரடங்கில் தினக்கூலி வீடுகளில் அடுப்பு அணைந்த பிறகுதான் பல ஊர்களில் வசூலே தொடங்கியது. கொடுக்க மனமிருந்தவர்களுக்கும் அன்று வருமானமில்லை.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும்போது ஒன்று கேளுங்கள்: நாளை வேலை நின்றால், இருக்கும் கையிருப்பு எத்தனை குடும்பங்களுக்கு, எத்தனை வாரம் வரும்?